புயலில் எது தாங்கும்: அணுவுலையா, காற்றும் வெயிலுமா?

கத்திவாக்கம் செல்வி:
எண்ணூர் பழைய அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்னும் நிலக்கரிதான் எரிகிறது. மாடியில் காயப்போட்ட துணியைச் சாம்பலோடு சேர்த்துத்தான் மடிக்கிறோம். நாளை இவற்றையும் மூடினால் எதை நம்புவது? அணுவுலைதான் என்கிறார் என் கணவர். சோலார் போதும் என்கிறாள் மகள். புயலிலும் கரண்ட் போகக்கூடாது, எனக்கு அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை ஷிப்ட்காரர் (ஓய்வு):
அம்மா, இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். 2016 வர்தாவில் சாய்ந்தவை மின்கம்பங்கள். 2023 மிக்ஜாமில், வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பில்லர் பெட்டிகள் தண்ணீரில் நின்றன. ஆள் உயிர் போய்விடக்கூடாது என்றே மின்சாரத்தை நிறுத்தினார்கள். கூடங்குளத்தில் பத்து உலைகள் ஓடியிருந்தாலும் அன்று உங்கள் தெருவில் விளக்கு எரிந்திருக்காது.

உற்பத்திக் கதை வேறு. இங்கே காற்றாலைகளுக்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. புயல் மாதங்களில் காற்று படுத்துவிடும், வானமும் மூடிக்கொள்ளும். அணுவுலைக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட். அது டிரிப் ஆனால், அதாவது திடீரென்று தானாக நின்றால், அத்தனையும் ஒரே நொடியில் போகும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவனுக்குத்தான் அந்த நொடியின் நீளம் தெரியும். நின்ற உலையைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும்.

என் கட்சி இது: இருக்கும் உலைகள் ஓடட்டும். புதிதாகப் போடும் பணம் மண்ணுக்கடியில் போகும் புதைவடத்துக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வழிகளுக்கும் போகட்டும். கோவை மாவட்டக் காடம்பாறையில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அதைப் பற்றி ஒருவரும் சண்டை போடுவதில்லை, அதனாலேயே ஒருவருக்கும் தெரிவதில்லை.

திருவொற்றியூர் மாணவன்:
ஐயா, அந்தத் தண்ணீர் சில மணி நேரத்துக்குத்தானே? நான்கு நாள் வானம் மூடினால்? 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்.

ஷிப்ட்காரர்:
தம்பி, அது கத்திரி வெயிலை ஒட்டிய ஏசி லோடு. அடைமழையில் எத்தனை வீட்டில் ஏசி ஓடுகிறது? மீதிக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டப் புகளூருக்கு 6000 மெகாவாட் தாங்கும் மின்பாதை இருக்கிறது. அங்கேயும் நிலக்கரிதானே என்று செல்வியம்மா கேட்பார். நியாயம்தான், இன்னும் சில ஆண்டுகள் அதைத் தவிர்க்க முடியாது.

செல்வி:
கேட்கத்தான் இருந்தேன்! போகட்டும், மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் புயலன்று வீட்டுக்காவது மின்சாரம் வருமா? மானியம் 78,000 ரூபாய் என்கிறார்கள்.

ஷிப்ட்காரர்:
தெரு மின்சாரத்தோடு சேர்ந்தே ஓடும் சாதாரண ஆன்-கிரிட் வகை என்றால் வராது. தெருவில் மின்சாரம் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும். தெருவில் மின்சாரம் நின்றாலும் வீட்டுக்கு மட்டும் கொடுக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு கேளுங்கள், செலவு கூடும். ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு, ஒரு ஃபேன் என்று தனி லைன் பிரித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் தரைத்தளத்தில் வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.