மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல்: அடுத்து என்ன செய்வது?

கேள்வி:
இரண்டு ஆண்டுகளாக நெஞ்செரிச்சலுக்காகப் பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம் மாத்திரையை நாள்தோறும் எடுத்து வருகிறேன். தொடக்கத்தில் நல்ல குணம் தெரிந்தது. கடந்த நான்கு மாதங்களாக மாத்திரைக்கு எதுவும் அடங்குவதில்லை. இரவில் புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. பயனில்லாத மருந்து எதற்கு என்று ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். எரிச்சல் முன்னிலும் கடுமையாகிவிட்டது. அளவைக் கூட்டக் கேட்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா?

பதில் 1:
அதற்கு முன், மாத்திரையை எந்த நேரத்தில் விழுங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
இரவு படுக்கப் போகும்போது. எரிச்சல் இரவில்தானே வருகிறது என்று நானாகவே மாற்றிக்கொண்டேன்.

பதில் 1:
கோளாறு அங்கேயே இருக்கக்கூடும். இவ்வகை மாத்திரை, இரைப்பையின் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவற்றை அடைக்கும். அவை பெருமளவில் இயங்கத் தொடங்குவது நாம் உண்ணும்போது. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்குகிறது. ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் எடுத்தால்தான் இரண்டும் ஒரே வேளையில் சந்திக்கும். நீங்கள் வெறுமனே படுத்திருக்கும்போது மருந்தின் பெரும்பகுதி வீணாகிறது. நிறுத்தியதும் எரிச்சல் கூடியதற்கும் காரணம் உண்டு: நெடுநாள் அடக்கி வைத்த சுரப்பு, தடை நீங்கியதும் சில வாரங்களுக்கு மிகுந்து எழும். அதை நோய் முற்றியதாகக் கொள்ள வேண்டாம்.

பதில் 2:
இரவுத் தொல்லைக்கு என் அனுபவம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடுகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களையே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உணவுக்குழாய் சேரும் இடம் இரைப்பையைவிட மேலே அமைவதால் எதுக்களிப்பு குறைகிறது. உண்டு மூன்று மணி நேரமாவது கழித்தே படுக்கிறேன். (இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.)

பதில் 3:
முறையாக எட்டு வாரம் எடுத்த பின்னும் அடங்காவிட்டால், அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல், எரிச்சலுக்குக் காரணம் அமிலம்தானா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை எனக்குச் செய்தார்கள். அமிலம் இயல்பான அளவிலேயே இருந்தது. உணவுக்குழாயின் நரம்புகள்தான் சிறு தூண்டலையும் எரிச்சலாக உணர்ந்துகொண்டிருந்தன. அதற்கு மருத்துவமே வேறு. மாறாக, அமிலம் மிகுதி என்றோ இரைப்பை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் வழியே மேலேறியிருக்கிறது என்றோ தெரிந்தால், அறுவை சிகிச்சை வரை வழிகள் உண்டு. விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக் குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. கை, தாடைக்குப் பரவும் நெஞ்சுவலி என்றால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அதை நெஞ்செரிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேட்டவர்:
அவற்றில் எதுவும் எனக்கு இல்லை. நாளை முதல் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக எடுக்கப் போகிறேன். அந்த 24 மணி நேரச் சோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கிறேன்.