ஜூலையில விட்சண்டே தீவுகளுக்குப் பாய்ப்படகில போறம், பாதை சரியோ?

மெல்பேர்ண் பொடியன்:

வணக்கம். நாங்கள் கூட்டாளிகள் ஆறு பேர் ஜூலை விடுமுறைக்குக் குயின்ஸ்லாந்து போய், விட்சண்டே தீவுகளில ஒரு கிழமை பாய்ப்படகு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓடுவம் எண்டு யோசிக்கிறம். ஏயர்லி பீச்சில ஏறி அங்கேயே இறங்கிறது. எனக்கும் இன்னொருத்தனுக்கும் போர்ட் பிலிப் குடாவில சின்னப் படகு ஓடின பழக்கம் இருக்கு. மற்ற நாலு பேரும் புதுசு. அதில இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. லைசென்ஸ் தேவையில்லை எண்டு சொல்லீனம், உண்மையோ? இரட்டை உடல் கட்டமரான் எடுக்கிறதோ, ஒற்றை உடல் படகோ?

என்ர பாதை: முதல் நாள் வைட்ஹேவன், இரண்டாம் நாள் ஹில் இன்லெட், மூண்டாம் நாள் ஹுக் தீவின்ர வடக்குப் பக்கம், நாலாம் நாள் ஹேமன், அஞ்சாம் நாள் வெளிப்பார் (தீவுகளுக்கு வெளியால கிடக்கிற பவளப்பார்), பிறகு திரும்பிறது. அனுபவம் உள்ளவை பார்த்துச் சொல்லுங்கோ.

வல்வைக்காரன்:

தம்பி, லைசென்ஸ் தேவையில்லை எண்டது உண்மை. குயின்ஸ்லாந்தில அப்படி வாடகைப் படகு ஓடலாம். புறப்பட முதல் வாடகைக்காரர் படகைக் காட்டி, இயந்திரம், நங்கூரம், பாய், ரேடியோ எல்லாம் விளக்குவினம். அந்த விளக்கத்துக்கு ஆறு பேரும் நில்லுங்கோ. கப்டனுக்கு ஏதும் நடந்தால் ரேடியோவில கதைக்க மற்றவைக்குத் தெரிய வேணும். முதல் நாளுக்கு ஒரு வழிகாட்டியைக் காசு குடுத்து ஏத்துங்கோ. சின்னப் படகு ஓடின கைக்குப் பாய் பழகிடும். ஆனால் நாற்பது அடிப் படகை நங்கூரத்தில நிப்பாட்டிறது வேற வேலை, அதை ஒருத்தர் பக்கத்தில நிண்டு காட்ட வேணும்.

உங்களுக்குக் கட்டமரான்தான். ஒரு பக்கமாச் சரியாது, ஆழம் குறைஞ்ச இடத்திலயும் நிக்கும், நீச்சல் தெரியாத ஆக்களுக்குப் பயம் குறையும். காத்துக்கு எதிரா ஏறிறது கொஞ்சம் கஷ்டம், அதுக்கு இயந்திரம் இருக்கு.

இப்ப பாதைக்கு வாறன். வெளிப்பாருக்கு வாடகைப் படகுகளைப் பெரும்பாலும் விடமாட்டினம், அதை இப்பவே எடுத்துவிடுங்கோ. மற்றதுகள் எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அந்தந்த நாளில அங்க நிக்கலாமோ எண்டு காத்துத்தான் சொல்லும். ஜூலையில தென்கிழக்குக் காத்து நாள்கணக்கா 15, 20 நொட்டில (கடல்மைல் வேகக் கணக்கு) அடிக்கும். வைட்ஹேவன் விட்சண்டே தீவின்ர கிழக்குப் பக்கத்தில கிடக்கு. 7 கிலோமீட்டர் வெள்ளை மணல், 98 வீதம் சிலிக்கா, உலகம் முழுக்க ஆக்கள் வந்து பாக்கிற இடம். ஆனால் தென்கிழக்கு ஊதினால் அலை உள்ள வந்து இரவு முழுக்கப் படகை உருட்டும். அதுக்கு ஒரு நாள் குறிக்காதேங்கோ. காத்து விழுற நாளுக்குக் காத்திருங்கோ.

இன்னொண்டு, நீரோட்டம். அங்க கடல் ஏறிற பெருக்கும் இறங்கிற வற்றும் பெரிசு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் மூண்டு மீட்டருக்கு மேல போகும். பெருக்கு நேரம் கரைக்கும் தீவுகளுக்கும் இடையில இருக்கிற விட்சண்டே பாசேஜில தண்ணி தெற்கால ஓடும், வற்றில வடக்கால. தென்கிழக்குக் காத்தும் பெருக்கும் எதிரெதிராச் சந்திச்சால் அலை குட்டையாவும் செங்குத்தாவும் எழும்பும். அதே இடத்தை வற்றில கடந்தால் தடமே தெரியாது. தெற்கால சுத்தி வைட்ஹேவனுக்குப் போறதெண்டால் சோல்வே பாசேஜ் எண்ட ஒடுக்கமான நீரிணை வழி, அதை நீர் நிக்கிற நேரம் பாத்துத்தான் கடக்க வேணும். எங்கட அப்பப்பா பர்மாவுக்கு அரிசி ஏத்தப் போன கப்பல்களில நிண்டவர். அவையள் காத்துப் பஞ்சாங்கம் பாக்காமல் பாய் எடுத்ததில்லை. உங்களுக்கு ஓத அட்டவணை படகிலயே கிடக்கும், காலமை தேத்தண்ணியோட அதைத் திறவுங்கோ.

முதல் இரவுக்கு நாரா இன்லெட் போங்கோ. ஹுக் தீவின்ர தெற்குப் பக்கத்தில மலைகளுக்கு நடுவில நீளமா உள்ள போற வாய்க்கால். ஏயர்லியில இருந்து பக்கக் காத்தில பாய் சுகமா இழுக்கும். அடி சேறு, நங்கூரம் நல்லாப் பிடிக்கும். டிங்கியில (படகோட வாற சின்ன வள்ளம்) கரைக்குப் போய் ஏறினால் இந்தத் தீவுகளின்ர ஆதிக்குடிகளான ஙாரோ மக்கள் வரைஞ்ச குகை ஓவியங்கள் இருக்கு, வலை போன்ற கோலங்கள். அவையள் மரப்பட்டைகளைத் தைச்சுப் படகு செய்து இந்தத் தீவுகளுக்கு இடையில ஓடித்திரிஞ்ச சனம், ஹுக் தீவில ஒன்பதாயிரம் வருசமா மனிசர் இருந்த தடயம் கிடைச்சிருக்கு. கப்டன் குக் 1770 இல வந்து பெயர் வைக்க முதல் இந்தக் கடலுக்கு ஆக்கள் இருந்தவை. வைட்ஹேவனில நிண்டு படம் எடுக்கிறதை விட எனக்கு இந்த இடம் பெரிசு. நிதானமா நிண்டு பாருங்கோ.

நங்கூரம் பற்றி வடிவா வாசியுங்கோ. நீங்கள் போடுற நேரம் வற்று, ஆழம் 5 மீட்டர் எண்டு வைப்பம். இரவு 3 மீட்டர் ஏறும், எட்டு. படகின்ர மூக்கு உயரம் ஒண்டு சேர்த்து ஒன்பது. அதின்ர ஐஞ்சு மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விட வேணும். அஞ்சு மீட்டருக்குக் கணக்குப் பாத்தால் நடுச்சாமத்தில இழுபடும். பிறகு பின்னுக்கு இயந்திரம் குடுத்து இழுத்துப் பாருங்கோ, கரையில ஒரு மரத்தையும் பின்னால ஒரு பாறையையும் நேர்கோட்டில பிடிச்சு விலகுதோ எண்டு கவனியுங்கோ. வெள்ளைக் கூம்பு மிதவைகள் கண்டால் அதுக்குக் கரைப்பக்கம் நங்கூரம் போடக்கூடாது, கீழ பவளம். அரசாங்க மூரிங் (படகைக் கட்டி நிக்கிற மிதவை) கிடைச்சால் அதுவே நல்லது, எந்த நீளப் படகுக்கு எண்டு பட்டை நிறத்தில இருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு முதல் நிண்டிட வேணும், வாடகைக்காரர் ரேடியோவில கூப்பிட்டு இடம் கேப்பினம்.

விட்சண்டே தீவின்ர மேற்குப் பக்கத்தில இருக்கிற சிட் ஹார்பரில நிக்கலாம், தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ. 2018 செப்டெம்பரிலயும் நவம்பரிலயும் அங்க ஆக்களைச் சுறா கடிச்சது, நவம்பரில கடிபட்டவர் இறந்திட்டார். நாராவிலயும் தண்ணி கலங்கல், குளிக்கிறதை ஹுக்கின்ர வடக்குப் பக்கம் தெளிஞ்ச இடத்தில வைச்சுக்கொள்ளுங்கோ.

பிரிஸ்பேன் அக்கா:

வல்வை அண்ணை கடலைச் சொல்லிப்போட்டார், நான் சமையலைச் சொல்லுறன். முதல் இரண்டு நாளைக்குக் கறி வீட்டில சமைச்சு உறைய வைச்சுக் கொண்டு போங்கோ, ஐஸ் பெட்டிக்கும் அது உதவும். அசையிற படகில தாளிக்க வெளிக்கிடாதேங்கோ, எண்ணெய் சிந்தும். பிட்டு மா, தேங்காய்ப்பூ, கட்டைச் சம்பல் இருந்தால் நங்கூரம் போட்டாப்பிறகு இருபது நிமிசத்தில சாப்பாடு. குடிதண்ணி டாங்கியை ஆறு பேர் குளிச்சே முடிச்சிடலாம், கடல் தண்ணியில கோப்பை கழுவிக் கடைசியாக மட்டும் நல்ல தண்ணி விடுங்கோ.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை, ஏற முதலே போட வேணும், சத்தி வந்தாப்பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. நீச்சல் தெரியாத இரண்டு பேரும் டெக்கில ஏறினால் மிதவை அங்கி போட வேணும், டிங்கியிலயும்தான். முதல் நாளே சட்டமா வையுங்கோ, எல்லாரும் போட்டால் அவைக்கு வெக்கம் வராது. பெட்டி ஜெலி மீன் காலம் நவம்பர் தொடக்கம் மே வரை. எண்டாலும் ஜூலையிலயும் உடம்பு மூடின உடுப்பு போடுங்கோ, தண்ணி குளிரும். ஜெலி மீன் பட்டால் ஊத்த, படகில வினாகிரி போத்தல் எங்க இருக்கு எண்டு கேளுங்கோ. திமிங்கிலம் வாற காலம், கண்டால் 300 மீட்டருக்குள்ள கிட்டப் போகக்கூடாது.

மெல்பேர்ண் பொடியன்:

அண்ணை, அக்கா, கனக்க நன்றி. பாதையைக் கிழிச்சிட்டன், நாராவில தொடங்கிறம். இரண்டு கேள்வி. ஹில் இன்லெட் மணல் கோலங்களைப் பாக்க எந்த நேரம்? 25 நொட் எண்டு அறிவிச்சால் என்ன செய்யிறது?

வல்வைக்காரன்:

ஹில் இன்லெட்டுக்குப் பக்கத்துக் குடாவான டங் பேயில நிண்டு டிங்கியில இறங்கி மேட்டுக்கு நடக்க வேணும். கோலம் வடிவாத் தெரியிறது தண்ணி குறைஞ்ச நேரம். ஆனால் முழு வற்றில டங் பே கரையில பார் வெளிக்கிட்டிடும், டிங்கி கிட்டப் போகாது. அதனால வற்று முடிஞ்சு பெருக்கு ஏறத் தொடங்கினாப் பிறகு, டிங்கிக்குத் தண்ணி காணும் எண்ட உடன போங்கோ. மேல நிக்கும்போது மணலும் தெரியும், திரும்பி வரேக்க தண்ணியும் கூடியிருக்கும். வத்திற நேரம் இறங்கினால் டிங்கியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டி வரும்.

25 நொட்டுக்கு வெளிக்கிடாதேங்கோ. வானிலை நிலையம் சொல்லுறது சராசரி, இடைக்கிடை திடீரெண்டு அடிக்கிற வீச்சு அதை விட 40 வீதம் கூட அடிக்கலாம் எண்டு அவையே எழுதீனம். அப்ப 35. புதுசா ஓடுற ஆக்களுக்கு அது கூடாது. நாராவிலயே இன்னொரு நாள் நில்லுங்கோ. அங்கயும் மலையால திடீரெண்டு வீச்சு இறங்கும், சங்கிலியை இன்னும் பத்து மீட்டர் விட்டு, பக்கத்துப் படகுக்கும் உங்களுக்கும் சுத்த இடம் இருக்கோ பாருங்கோ. 20 எண்டு அறிவிச்சால் கரையிலயே பெரிய பாயைச் சுருக்கிக் கட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ. ஓடேக்க சுருக்கிறது கட்டமரானில கஷ்டம், அது சரியாததால பாரம் கூடினது கைக்குத் தெரியாது.

வழிகாட்டி ஏறிற நாளில நங்கூரத்தை ஒரு தரம் போட்டு எடுத்துப்போட்டு விடாதேங்கோ. ஆறு பேரும் ஒவ்வொருத்தராப் போட்டுப் பழகுங்கோ.