புல், மரம், ஏரி: ஜார்ஜியன் காலத் தோட்டங்களில் "வடிவமைப்பு" எங்கே இருக்கிறது?

மண்வாசல்:
ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பிளெனிம் அரண்மனைக்குப் போய்வந்தேன். 18ஆம் நூற்றாண்டில், அதாவது ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்தில், கேப்பபிலிட்டி பிரவுன் என்பவர் அமைத்த உலகப் புகழ்பெற்ற நிலக்காட்சி என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரு ஏரி, மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, அங்கங்கே கூட்டமாக மரங்கள், மேய்கிற ஆடுகள், அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தானாகவே இருந்த இடம் போலத்தானே இருக்கிறது? அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார்? அதோடு, அதுவரை பிரெஞ்சு பாணியில் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகத் தோட்டம் வைத்திருந்த பிரபுக்கள் ஏன் அந்த நூற்றாண்டில் வரிசையாக எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மதகடி:
நண்பரே, தானாக இருந்த இடம் என்று உங்களுக்குத் தோன்றியது அல்லவா, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்த ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன் 1764 வாக்கில் வருவதற்கு முன் அங்கே ஓடியது கிளைம் என்ற சின்ன ஆறு. அதன் மேல் வான்பரோ என்ற கட்டடக் கலைஞர் ஏற்கெனவே ஒரு ராட்சதப் பாலம் கட்டி வைத்திருந்தார், உள்ளே அறைகள் எல்லாம் உண்டு. அவ்வளவு பெரிய பாலத்துக்குக் கீழே வாய்க்கால் மாதிரி தண்ணீர் போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. பிரவுன் ஆற்றைக் கீழ்ப்பக்கத்தில் அணை போட்டு மறித்தார். தண்ணீர் ஏறிப் பாலத்தின் அடிப்பகுதி, அந்தக் கீழ் அறைகள் உட்பட, மூழ்கியது. அதன் பிறகுதான் பாலமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அரண்மனைக்கு முன்னால் பழைய பாணியில் இருந்த பெரிய பூப்பாத்தித் தோட்டத்தையும் எடுத்துவிட்டுச் சுவர் வரைக்கும் புல்லைக் கொண்டுவந்தார். இன்று அரண்மனையை ஒட்டி நீரூற்றோடு படிப்படியான மேடைகளாக இருக்கும் தோட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் போட்டவை, அவற்றுக்கும் பிரவுனுக்கும் சம்பந்தமில்லை.

இது எல்லாமே மண்வேலை, நீர்வேலை. ஸ்டோ என்ற எஸ்டேட்டில் பிரவுன் தலைமைத் தோட்டக்காரராக இருந்தபோது கிரேசியன் பள்ளத்தாக்கு என்று ஒன்று உருவானது, அதற்கு 20,000 கன கெஜத்துக்கும் மேல் மண்ணை மண்வெட்டி, தள்ளுவண்டி, மாட்டுவண்டி, குதிரைவண்டி என்று வைத்தே அள்ளியிருக்கிறார்கள். 1751ல் தனியாகத் தொழில் தொடங்கியதும் கிடைத்த முதல் பெரிய வேலை வூஸ்டர்ஷயரில் குரூம். முழுக்கச் சதுப்பு நிலம். தரைக்கு அடியில் செங்கல் கால்வாய்கள் கட்டி நீரை வடித்து, அந்த நீரைக் கையால் வெட்டிய ஒரு "ஆற்றில்" விட்டார்கள். இன்று அங்கே நடப்பவருக்கு அது ஆறு, அவ்வளவுதான். ஏரிகளின் அடியில் களிமண்ணைக் குழைத்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. ஏரியின் இரண்டு முனையும் கண்ணில் படாமல் வளைத்து மரத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள், பார்க்கிறவர் அது இன்னும் எங்கேயோ போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஆடு மேய்கிறது என்றீர்களே, அது ஏன் அரண்மனை வாசலுக்கு வரவில்லை என்று யோசித்தீர்களா? பல தோட்டங்களில் அதற்கு விடை ஹா-ஹா. ஒரு பள்ளம். வீட்டுப் பக்கம் செங்குத்தான கல்சுவர், அந்தப் பக்கம் சரிவான புல். ஆடு சரிவில் இறங்கலாம், சுவரில் ஏற முடியாது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளமும் தெரியாது, சுவரும் தெரியாது, தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒரே விரிப்பாகத் தெரியும். புல்லைக் குட்டையாக வைத்ததும் பெரும்பாலும் ஆடும் மானும்தான், புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830ல்தான் காப்புரிமை வாங்கினார்கள். வீட்டுக்கு அருகே மட்டும் ஆட்கள் நீள அரிவாளால் வெட்டுவார்கள்.

பழைய_வரைபடம்:
மதகடி சொன்னது எல்லாம் சரி, ஆனால் எதற்கெடுத்தாலும் பிரவுன் பிரவுன் என்பது எனக்கு ஒத்துவராது. ஹா-ஹாவை அந்த நாட்டில் பரப்பியதில் முக்கியமானவர் பிரவுனுக்கு முந்தைய தோட்டக்கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மேன். நேர்கோட்டை முழுசாகக் கைவிட்டவர் வில்லியம் கெண்ட், அடிப்படையில் ஓவியர், இத்தாலியில் பல வருடம் இருந்தவர். கிளாட் லொரேன் வரைந்த இத்தாலிய நிலக்காட்சிகளை இங்கிலாந்துப் பிரபுக்கள் வாங்கி வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்த காலம், கெண்ட் அதே மாதிரிக் காட்சியை மண்ணில் போட்டுக் கொடுத்தார். ரவுஷமில் 1738க்குப் பிறகு அவர் செய்த தோட்டம் பெரிதாக மாற்றப்படாமல் இன்னும் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூரத்து மேட்டில் ஒரு பழைய இடிபாடு தெரியும். போய்ப் பார்த்தால் அது வெறும் சுவர். பின்னால் ஒன்றுமே கிடையாது, கண்ணை அங்கே இழுப்பதற்காகவே கட்டியது.

ஏன் பிடுங்கினார்கள் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை அரசியல். வெர்சாய் மாதிரித் தோட்டம் என்றால் பிரெஞ்சு மன்னரின் சர்வாதிகாரம், வளைந்து போகும் தோட்டம் என்றால் ஆங்கிலச் சுதந்திரம், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற விக் (Whig) கட்சிக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஸ்டோவின் உரிமையாளர் காப்ஹம் (Cobham) பிரபு 1733ல் பிரதமர் ராபர்ட் வால்போலோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். தன் தோட்டத்தில் பண்டைய நற்குணத்துக்கு ஒரு முழுக் கோயிலும், பக்கத்திலேயே இன்றைய நற்குணத்துக்கு வேண்டுமென்றே இடிந்த நிலையில் ஒரு கோயிலும் கட்டினார். அந்த இடிபாட்டில் தலையில்லாத ஒரு சிலை நின்றது, அது வால்போல்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. கட்சி மேடையைத் தோட்டத்தில் போட்ட ஆள்! மறுபாதி விடை பணம். கத்தரித்த செடிவேலிகளையும் பூப்பாத்திகளையும் பராமரிக்க ஆள்கூலி தீராது. புல்லில் ஆடு மேயும், மரம் விறகுக்கும் கட்டைக்கும் ஆகும், மரத்திட்டுகளில் வேட்டைக்கு ஃபெசன்ட் கோழி வளரும்.

பிரவுனிடம் எனக்கு இருக்கும் குறை, எங்கே போனாலும் அதே மரத்திட்டு, அதே வளைந்த ஏரி, அதே எல்லைத் தோப்பு. அவர் காலத்திலேயே ஓவன் கேம்ப்ரிட்ஜ் என்பவர் அவரிடம், உங்களுக்கு முன்னால் நான் செத்துப்போக வேண்டும், நீங்கள் போய்த் திருத்துவதற்குள் சொர்க்கத்தைப் பார்த்துவிடலாம் என்று சொன்னாராம்.

கரிசல்காடு:
ஏரி, மரம், இடிபாடு எல்லாம் பேசினீர்கள், அங்கே குடியிருந்தவர்களை யாருமே பேசவில்லையே.

குரூமில் கிராமமும் பழைய தேவாலயமும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தன, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். புதுத் தேவாலயம் குன்றின் மேல், ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் இடத்தில். டார்செட்டில் மில்டன் பிரபு செய்தது இதைவிட மோசம். அவர் வீட்டருகே இருந்தது கிராமம்கூட இல்லை, சந்தை, பள்ளி, மதுக்கடைகள் எல்லாம் உள்ள ஒரு சிற்றூர். வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, குத்தகை முடிய முடிய இடித்து, மக்களை ஒரு மேட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில் குடியேற்றினார். அதுதான் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் மில்டன் அப்பாஸ், வெள்ளைச் சுவரும் கூரை வேய்ந்த வீடுகளும். வெளியேற மறுத்த ஒரு வக்கீலின் வீட்டுக்குள் பிரபு மதகைத் திறந்து தண்ணீர் விட்டார் என்றும், வக்கீல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் அந்த ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அங்கே நிலக்காட்சியை வடிவமைத்தவர் பிரவுன். இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டுப் பொதுமேய்ச்சல் நிலங்களைத் தனியார் வேலிக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே "ஆங்கிலச் சுதந்திரம்" என்று பழைய_வரைபடம் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, யாருக்குச் சுதந்திரம்?

அப்புறம், பணம் எங்கிருந்து வந்தது? யார்க்ஷயரில் ஹேர்வுட் தோட்டம் பிரவுன் செய்தது, காசு கரீபியன் சர்க்கரைத் தோட்டத்து அடிமை உழைப்பு. நம் பக்கத்துக் காசும் நிறைய உண்டு. சென்னையில் எழுத்தராகச் சேர்ந்து ஆற்காட்டில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், வங்காளத்தில் குவித்த செல்வத்தோடு திரும்பி, சர்ரேயில் கிளேர்மாண்டை வாங்கிப் பிரவுனை வைத்துப் புது வீடு கட்டினார். பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் பாக், 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னர், டெவனில் ஹால்டன் எஸ்டேட்டில் தன் நண்பரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தளபதியுமான ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் நினைவாக 1788ல் மூன்று மூலைக் கோபுரம் கட்டினார். ஸ்காட்லாந்தில் ஹெக்டர் மன்றோ 1781ல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்தின் கோட்டை வாசலைப் போலவே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் கல் வளைவுகளை நிறுத்தினார். நாகப்பட்டினக்காரர்கள் யாராவது போய்ப் பார்த்தீர்களா?

மண்வாசல்:
எல்லோருக்கும் நன்றி. கரிசல்காடு, நாகப்பட்டினம் சேதி எனக்குப் புதிது. பிரவுன் 1783ல் இறந்துவிட்டார் என்று படித்தேன், அதன் பிறகு என்ன ஆனது? லண்டனிலிருந்து சுலபமாகப் போகிற மாதிரி இன்னொரு இடமும் சொல்லுங்கள்.

பழைய_வரைபடம்:
அதன் பிறகு ஹம்ப்ரி ரெப்டன். பல வியாபாரம் செய்து தோற்று, 1788ல் 36 வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். நீர்வண்ண ஓவியம் நன்றாக வரைவார். வாடிக்கையாளரின் இடம் அப்போது இருந்தபடியே வரைந்த ஒரு மடிப்புத் தாளைப் படத்தின் மேல் ஒட்டிவைப்பார், அதைத் தூக்கினால் தான் செய்யப்போகும் மாற்றம் அடியில் தெரியும். சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகமாக அதைக் கட்டிக் கொடுப்பார். பார்த்தவுடன் ஆசை வந்துவிடும், கட்டினாலும் கட்டாவிட்டாலும் புத்தகத்துக்குக் காசு. 1794ல் யுவடேல் பிரைசும் பெய்ன் நைட்டும் என்ற இரண்டு நிலக்கிழார்கள், பிரவுன் பாணி மொழுமொழுவென்று இருக்கிறது, இயற்கை என்றால் கரடுமுரடு வேண்டாமா என்று சண்டைக்கு வந்தார்கள். ரெப்டன் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் வீட்டை ஒட்டிப் பூப்பாத்தியையும் தள மேடையையும் மறுபடி கொண்டுவந்தார். அதாவது பிரவுன் பிடுங்கியதில் பாதி திரும்பி வந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, சமையலறைக் கதவைத் திறந்தால் ஆட்டுப் புழுக்கை என்றால் யார்தான் பொறுப்பார்கள்.

கிளாஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற வீட்டுக்கும் அவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். 1792ல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி வரைந்த ஓவியர் தாமஸ் டேனியல்தான் அங்கே தோட்டத்துக் கட்டுமானங்களை வடிவமைத்தவர். பாலத்து மேல் நந்திகள் உட்கார்ந்திருக்கும்.

லண்டனுக்குள்ளேயே வேண்டுமென்றால் ரஸ்ஸல் சதுக்கம் ரெப்டன் போட்டது, டியூப் ரயிலில் இறங்கி நடக்கலாம். அரைநாள் கிடைத்தால் கிளேர்மாண்ட், அங்கே பிரிட்ஜ்மேன் செய்த புல் அரைவட்ட மேடையும் கெண்ட் திருத்திய ஏரியும் ஒரே இடத்தில் கிடைக்கும். ரவுஷம் போவதானால் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், நாயும் கூடாது.