மறு: ‘வால்வ் ஃப்ளோட்’ – மிதப்பா, தூங்கலா, எகிறலா?

ம.அ. எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம்.

செவ்ரலே 350 கன அங்குல ‘ஸ்மால் பிளாக்’ இன்ஜினைச் சாலையில் ஓட்டும் வண்டிக்காக வலுவேற்றுவது பற்றிய அமெரிக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கேம் ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங் தேர்வு பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. இதுவரை வைத்திருக்கும் சொற்கள்: கேம் (சுழன்று வால்வைத் திறக்கும் மேடுள்ள உறுப்பு) – நெம்புருள். கேம் ஷாஃப்ட் – நெம்புருள் தண்டு. லோப் – மேடு. லிஃப்ட் – ஏற்றம். டியூரேஷன் – திறப்புப் பாகை. லோப் செபரேஷன் – மேட்டிடைக் கோணம். ஓவர்லேப் – இணைதிறப்பு. சீட் பிரஷர் – இருக்கை அழுத்தம். காயில் பைண்ட் – சுருள் முட்டல். ஸ்பிரிங், வால்வு, டேப்பட் (நெம்புருள் மேட்டின் மேல் ஏறி இறங்கும் உறுப்பு) ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

சிக்கல் ‘வால்வ் ஃப்ளோட்’டில், அதாவது அதிவேகத்தில் வால்வு நெம்புருளின் பிடியை விட்டு விலகும் கோளாற்றில். ‘ஸ்பிரிங் வலு போதாவிட்டால் நிமிடத்துக்கு 5,500 சுற்றிலேயே வால்வு மிதப்பு தொடங்கிவிடும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் ஒட்டவில்லை. நல்ல சொல் உண்டா?

பொ.சி. எழுதியது:

> 5,500 சுற்றிலேயே வால்வு மிதப்பு தொடங்கிவிடும்

அம்மா, வாக்கியத்தில் குறையில்லை, பொருளில் இருக்கிறது. கட்டை மிதக்கும், இரும்பு மூழ்கும். ‘மிதப்பு’ என்று படிக்கிறவர் வால்வு லேசாக இருப்பதால் வந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு. மேட்டின் மூக்கை, அதாவது உச்சியை, நெருங்கும்போது டேப்பட், அது தள்ளும் கம்பியான புஷ் ராட், அந்தத் தள்ளலை வால்வுக்குத் திருப்பும் ராக்கர், வால்வு என்று அந்த வரிசை முழுவதும் வேகம் அடங்கித் திசை திரும்பியாக வேண்டும். திருப்புகிற வேலை ஸ்பிரிங்குடையது. சுற்று இரட்டித்தால் அதற்குத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை இல்லாவிட்டால் டேப்பட் மேட்டை விட்டுப் பிரிந்துவிடுகிறது. வால்வு நெம்புருளின் பிடியில் இல்லாமல் தாமதமாக வந்து இருக்கையில் மோதித் துள்ளுகிறது. இன்ஜின் இழுவை விழுகிறது, பற்றவைப்பு தப்புகிறது, முற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கிறது.

வால்வு கனமாக இருக்க இருக்க இது சீக்கிரம் வரும். அதனால்தான் தண்டு மெலிந்த வால்வு, டைட்டானியம் ரிடெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்திருக்கும் தட்டு), மேலே குறுகும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங் என்று எடையைக் குறைக்கிறார்கள். மருந்து எடைக்குறைப்பாக இருக்கும்போது நோய்க்கு ‘மிதப்பு’ என்று பெயர் வைக்கக் கூடாது.

இன்னொன்று. ‘இருக்கை அழுத்தம்’ வேண்டாம். பவுண்டில் சொல்வது விசை. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றால்தான் அழுத்தம். அமெரிக்கப் பட்டறைப் பழக்கத்தைத் தமிழ் சுமக்க வேண்டியதில்லை. ‘இருக்கை விசை’, ‘திறப்பு விசை’ என்று வையுங்கள். கூட்டல் கழித்தலும் அப்போதுதான் தெளியும். எடுத்துக்காட்டாக, வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம், அதாவது பொருத்துயரம், 1.700 அங்குலம், அப்போது அது தரும் இருக்கை விசை 110 பவுண்டு, விறைப்பு அங்குலத்துக்கு 330 பவுண்டு என்று வைப்போம். வால்வு ஏற்றம் 0.450 அங்குலமானால் திறப்பு விசை 110 + 148.5 = 258.5 பவுண்டு. தட்டை அடி ஹைட்ராலிக் டேப்பட்டுக்கு இது பொருந்தும். உருளை டேப்பட் கனமானது, மேடும் செங்குத்தாக இருக்கும், அதற்கு இன்னும் கூடுதல் விசை வேண்டும்.

தெ.வ. எழுதியது:

பொ.சி. காட்டிய காரணத்தால் மிதப்பு விழுந்தது. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் உள்ள காட்சி என்ன? பற்றுக்கோடு இல்லாமல் அந்தரத்தில் நிற்றல். அதற்குத் தமிழில் சொல் உண்டு: தூங்கல்.

தூங்கு என்பதற்குத் தொங்குதல், அந்தரத்தில் அசைதல் என்பதே முந்தைய பொருள். அந்தரத்தில் நின்ற கோட்டையைச் சோழன் அழித்ததைப் பழம்பாடல்கள் ‘தூங்கெயில் எறிந்த’ என்கின்றன. தூங்கணாங்குருவியின் கூடு தொங்குகிறது. அந்தக் குருவி உறங்குவதால் வந்த பெயரல்ல. தன்வினை தூங்கு, பிறவினை தூக்கு: அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து போல. ஆகவே லிஃப்ட் என்பதற்கு ‘தூக்கு’, லிஃப்டருக்கு (டேப்பட்டின் இன்னொரு பெயர்) ‘தூக்கி’, ஃப்ளோட்டுக்குத் ‘தூங்கல்’ என்று ஒரே வேரில் மூன்றும் அமைகின்றன. நெம்புருள் தூக்கினால் அது தூக்கு. அதன் பிடி விட்டபின் தானே நின்றால் தூங்கல். இலக்கணமே இயந்திரத்தை விளக்குகிறது.

மேலும் பொ.சி. ‘மோதித் துள்ளுகிறது’ என்று எழுதியிருக்கிறார். வால்வ் பௌன்ஸுக்கு அதுவே சொல்: துள்ளல். கலிப்பாவின் ஓசை துள்ளல், வஞ்சிப்பாவின் ஓசை தூங்கல். முதலில் தூங்கல், அடுத்து துள்ளல்; இன்ஜினில் நிகழும் வரிசையும் அதுவே.

கு.ந. எழுதியது:

தெ.வ. ஐயா சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் உறங்குவதை நித்திரை கொள்ளுதல் என்போம். மரத்திலே மாங்காய் தூங்குது என்றால் ஒருவரும் வேறு பொருள் கொள்ளார். மலையாளத்திலும் அந்தச் சொல்லுக்குத் தொங்குதல்தான் பொருள். தூங்கலுக்கு என் வாக்கு.

ம.அ. ராக்கருக்குச் சொல் வைக்கவில்லை. ‘துலா’ இருக்கிறதே. கிணற்றுத் துலாவின் அச்சு நடுவில் இராது, கிணற்றுப் பக்கம் நீளம், மறுபக்கம் கட்டை. ராக்கரும் அப்படித்தான். புஷ் ராட் பக்கம் ஒரு பங்கு என்றால் வால்வுப் பக்கம் ஒன்றரைப் பங்கு. இந்த 350 இன்ஜினின் 1.5 என்ற விகிதத்தைத் ‘துலா விகிதம்’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம். ஸ்பிரிங்கையும் ஏன் விட்டுவைத்தீர்கள்? எங்கள் பாடநூல்களில் ஸ்பிரிங் தராசுக்கு விற்றராசு என்று வெகுகாலமாக இருக்கிறது. ‘வால்வு வில்’ போதும்.

தெ.வ. எழுதியது:

துலாவை இங்கே ஏற்றம் என்போம். ம.அ. லிஃப்ட்டுக்கு வைத்த ‘ஏற்றம்’ அந்த இறைவைப் பொறியின் பெயராகவும் இருக்கிறது. துலா ஆடினால் ஏற்றம். மேட்டின் உயரத்தைத் துலா பெருக்கி வால்வின் ஏற்றமாக்குகிறது. என் ‘தூக்கு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன், இது அதைவிட அழகு. தூங்கலைத் திரும்பப் பெறவில்லை.

பொ.சி. எழுதியது:

துலா விகிதம் எனக்கும் சம்மதம். அது எங்கே கடிக்கும் என்பதையும் ம.அ. அத்தியாயத்தில் சேர்க்கலாம். மேட்டின் உயரம் 0.300 அங்குலம் என்றால் 1.5 துலாவில் வால்வு ஏற்றம் 0.450. துலாவை மட்டும் 1.6-க்கு மாற்றினால் 0.480. ஸ்பிரிங்கின் முட்டுயரம், அதாவது சுருளோடு சுருள் ஒட்டிப்போகும் உயரம், 1.150 என்று கொண்டால் முன்பு 0.100 இடைவெளி இருந்தது, இப்போது 0.070. அந்த நிலையில் இருக்கை விசையைக் கூட்ட அடியில் 0.030 ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றை வைக்கிறார்கள். 10 பவுண்டு கூடும், இடைவெளி 0.040 ஆகிவிடும். குறைந்தது 0.060 வேண்டும். துலாவும் ஷிம்மும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றவை, சேர்ந்தால் புஷ் ராட் வளையும்.

‘சுருள் முட்டல்’ என்பதில் ‘சுருள்’ கட்டாயம் இருக்கட்டும். முட்டல் பலவகை. கம்பெனியிலிருந்து வந்த சிலிண்டர் ஹெட்டில் சுருள் முட்டுவதற்கு முன்பே ரிடெய்னர் போய், வால்வுத் தண்டுக்கு வழி தரும் கைடின் மேலுள்ள எண்ணெய்த் தடுப்பான கைடு சீலில் முட்டலாம். வால்வு பிஸ்டனில் முட்டுவது வேறு. அங்கே உள்வால்வுக்கு (இன்டேக்) 0.080, வெளிவால்வுக்கு (எக்ஸாஸ்ட்) 0.100 அங்குலம் இடைவெளி வைப்பது வழக்கம்.

இனி தூங்கல். ஐயா, சொல்லின் வரலாறு சரி. படிக்கப்போவது யார்? கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ‘வால்வு தூங்குது’ என்று ஒரு மெக்கானிக்கிடம் சொன்னால், கரி படிந்து கைடில் சிக்கி அசையாமல் கிடக்கிறது என்று ஹெட்டைக் கழற்றப் போய்விடுவார். நாம் சொல்வது அதிவேகத்தில் வரும் கோளாறு. அவர் தேடப்போவது அசைவில்லாத வால்வை. தவறான சொல் தவறான பழுதுபார்ப்பில் முடியும்.

என் முன்மொழிவு: எகிறல். டேப்பட் மேட்டின் மூக்கிலிருந்து எகிறுகிறது. மேடான இடத்தில் வேகமாகப் போகும் வண்டி தரையை விட்டு எகிறுவது போலவே. சிறு பிள்ளைக்கும் புரியும், காரணமும் சொல்லிலேயே இருக்கிறது: வேகம் கூடியது, பிடி போதவில்லை.

தெ.வ. எழுதியது:

எகிறு தெலுங்கின் ‘எகுரு’. எகிறா எகிரா என்று எழுத்திலேயே இன்னும் நிலைகொள்ளாத சொல். அதைக் கலைச்சொல்லாக நிறுத்தினால் எகிறுவேகம், எகிறெல்லை என்று கிளைகளும் அதன் மேலேயே வளரும். வேர் உறுதியில்லாத இடத்தில் கிளை விடக் கூடாது.

வ.இ. எழுதியது:

ஐயா, தெலுங்கில் ஒத்த சொல் இருப்பதாலேயே அது கடன் ஆகிவிடாது. ஒரே குடும்பத்து மொழிகளில் உடன்பிறந்த சொற்கள் இருக்கும். மலையாளத்தை வைத்துத் தூங்கலுக்கு வலுச் சேர்த்தோம், தெலுங்கை வைத்து எகிறலைத் தள்ளுகிறோம். அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாலிடெக்னிக் வகுப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். மாணவருக்குத் தேவை இரண்டு: கேட்டதும் காட்சி வர வேண்டும், பக்கத்துச் சொல்லோடு குழம்பக் கூடாது. அந்த வகையில் எனக்குப் பெரிய கவலை எகிறல் அல்ல, வால்வு எத்தனை பாகைச் சுழற்சிக்குத் திறந்திருக்கிறது என்று சொல்லும் ‘திறப்புப் பாகை’தான். ஒரே தண்டுக்கு இரண்டு எண் அச்சாகியிருக்கும். ஒன்று தயாரிப்பாளர் அறிவிக்கும் பாகை. ஏற்றம் எந்த அளவைத் தொடும்போது எண்ணத் தொடங்குவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மற்றது டேப்பட் 0.050 அங்குலம் எழுந்ததிலிருந்து அதே அளவுக்கு இறங்கும்வரை எண்ணுவது. சாலையில் ஓடும் 350-க்கு 215 முதல் 225 பாகை என்று பரிந்துரைத்தால் அது இந்த இரண்டாவது எண். அதை அறிவித்த பாகை என்று எண்ணி வாங்கினால் தண்டு மிகச் சிறியதாகப் போய்விடும். ‘அறிவித்த பாகை’, ‘ஐம்பதின் பாகை’ என்று பிரித்து எழுதுங்கள்.

மேட்டிடைக் கோணத்திலும், அதாவது உள்வால்வு, வெளிவால்வு மேடுகளின் உச்சிகளுக்கு இடைப்பட்ட கோணத்திலும், ஒரு எச்சரிக்கை வேண்டும். திறப்புப் பாகை கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், சுழற்சியில் அளப்பது, மேட்டிடைக் கோணம் நெம்புருள் தண்டின் சுழற்சியில் அளப்பது. கிராங்க் இரண்டு சுற்றினால்தான் தண்டு ஒன்று சுற்றும். அதனால் இணைதிறப்பைக் கணக்கிடும்போது கோணத்தை இரட்டிக்க வேண்டும். இரு வால்வுக்கும் அறிவித்த பாகை 268, கோணம் 110 என்றால் 268 – 220 = 48 பாகை இணைதிறப்பு. கோணத்தை 114 ஆக விரித்தால் 40. இணைதிறப்பு குறைந்தால் ஐடிலிங் சீராகும், மேனிஃபோல்டில் (காற்று உள்ளே வரும் குழாயில்) வெற்றிடம் கூடும், பவர் பிரேக்குக்கு வேண்டிய இழுவை கிடைக்கும். கோணம் நெருங்கினால் நடுச்சுற்றில் முறுக்குவிசை ஏறும், ஐடிலிங் உதறும். தண்டைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

‘இணைதிறப்பு’ என்பதைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகத் திறக்கத் தொடங்குவது போலத் தோன்றுகிறது. உண்மையில் வெளிவால்வு மூடிக்கொண்டிருக்கும்போது உள்வால்வு திறக்கத் தொடங்குகிறது. ‘திறப்பு மேற்படிவு’ இதைவிடச் சரி.

தெ.வ. எழுதியது:

மேற்படிவு என்றால் கரி மேலே படிவது. வேண்டாம். ‘இணைதிறப்பு’ இருக்கட்டும்.

கு.ந. எழுதியது:

‘இருதிறப்பு’? இரண்டும் திறந்திருக்கும் நேரம், அவ்வளவுதான்.

ம.அ. எழுதியது:

நேற்று இரவு வரை வந்ததைத் தொகுத்திருக்கிறேன்.

இருக்கை விசை, திறப்பு விசை, துலா விகிதம், பொருத்துயரம், முட்டுயரம், சுருள் முட்டல், அறிவித்த பாகை, ஐம்பதின் பாகை ஆகியவற்றுக்கு மறுப்பு இல்லை. ஓவர்லேப்புக்கு ‘இருதிறப்பு’ எடுத்துக்கொள்கிறேன். ஸ்பிரிங்கை ‘வில்’ ஆக்கவில்லை. பின்னால் லீஃப் ஸ்பிரிங் பற்றி அத்தியாயம் வருகிறது, அங்கே ‘பட்டைவில்’ என்று எழுதிவிட்டேன், இரண்டும் மோதும். கு.ந. பொறுத்தருள வேண்டும்.

வால்வ் ஃப்ளோட்டுக்கு எகிறல் நான்கு பேர், தூங்கல் இரண்டு பேர், ‘வால்வ் ஃப்ளோட்’ என்றே விடலாம் என்று இரண்டு பேர். ‘வால்வு எகிறல்’ என்று போடுகிறேன். அடுத்து வருவது ‘வால்வுத் துள்ளல்’, அது தெ.வ. ஐயா தந்தது.

எகிறல் பத்தியில் பொ.சி. சொன்ன ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். எகிறலைத் தடுக்கக் கண்ணில் பட்ட மிக விறைப்பான ஸ்பிரிங்கை வாங்கிப் போடக் கூடாது. தட்டை அடி டேப்பட்டில் மேடு தேய்ந்துவிடும். பழைய ஹெட்டில் அழுத்திச் செருகிய, ராக்கரைத் தாங்கும் ஸ்டட் மேலே பிடுங்கிக்கொண்டு வரும், மரையுள்ள ஸ்டட் மாற்ற வேண்டியிருக்கும். இரட்டை ஸ்பிரிங்கானால் புதுத் தண்டைப் பழக்கும் முதல் 20–30 நிமிடம், 2,000 முதல் 2,500 சுற்றுவரை ஏற்றி இறக்கி ஓட்டும்போது, உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்து ஓட்ட வேண்டும்.

தெ.வ. எழுதியது:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். ஆனால் ம.அ. அனுப்பிய மெய்ப்பில் அதே பக்கத்தில் ‘டேப்பட் உப்பல்’ என்று ஒன்று இருக்கிறது. ஹைட்ராலிக் டேப்பட் மேட்டை விட்டு எகிறும்போது இடையில் விழும் தொய்வை எண்ணெய் புகுந்து நிரப்பிவிடுகிறது. டேப்பட் நீண்டுவிட்டதால், அது மேட்டின் அடிவட்டத்துக்கு, அதாவது மேடில்லாத பகுதிக்கு, திரும்பிய பின்னும் வால்வு இருக்கையில் அமர்வதில்லை, நூலளவு திறந்தே நிற்கிறது. பொ.சி. விளக்கத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் இது எகிறல் அல்ல. எகிறல் முடிந்துவிட்டது. வால்வு மூடவும் இல்லை, மேடு அதைத் தூக்கவும் இல்லை. அந்தரத்தில் நிற்கிறது. இதற்குத் தூங்கல் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பொ.சி. எழுதியது:

விளக்கம் சரி, ஐயா. உப்புவது டேப்பட், அதனால் அமராமல் நிற்பது வால்வு. கையேடு இரண்டையும் ஒரே பெயரால் சொல்கிறது, தமிழில் பிரிப்பதே நல்லது. ‘தூங்கல்’ என்ற சொல்லுக்கு என் தடை அப்படியே இருக்கிறது. வேறு சொல்லும் இப்போது கையில் இல்லை.

ம.அ. எழுதியது:

‘டேப்பட் உப்பலால் வால்வு அமராமல் நிற்கும்’ என்று விரித்தே எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாம் மெய்ப்பு அடுத்த புதன் வரும்.