ஞாயிற்றுக்கிழமை: மகளுக்குப் படம், அம்மாவுக்குச் செடி. வேலூர்க்காரர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

சத்துவாச்சாரி கணக்கர் | ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அதிலேயே போய்விடும். மனைவி நர்ஸ், மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வீட்டில் இருப்பாள். மகள் நாலாவது, மகன் ஒண்ணாவது. கூட என் அம்மா, முழங்கால் வலியோடு.

பிரச்சினை இரண்டு. மகள் எந்நேரமும் வரைகிறாள். கரண்ட் பில்லின் பின்பக்கம், பீரோ கதவின் உட்பக்கம், ஒருமுறை என் ஆபீஸ் நோட்டில் ஜிஎஸ்டி கணக்குக்கு நடுவில் ஒரு மயில். இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே என்று கோட்டைக்குள் இருக்கிற மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். முதல் தடவை ஸ்கூல் லீவு என்று வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வெள்ளி விடுமுறை என்று விசாரிக்காதது என் தப்பு. இரண்டாவது தடவை உள்ளே போனோம், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மகன் ரூம் ரூமாக ஓட, நான் ஒவ்வொரு அட்டையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது அட்டையில் மகள் கேட்டாள்: "அப்பா, இதுல பரீட்சை வருமா?"

இரண்டாவது பிரச்சினை மாடி. அம்மா 14 பையில் செடி வைத்திருந்தார். தக்காளி, கத்தரி, புதினா, ஒரு மல்லி. மே மாதம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் போய்விட்டு வந்தோம். 14-ல் ஐந்துதான் உயிரோடு இருந்தது. தக்காளிச் செடி துடைப்பக்குச்சி மாதிரி நின்றது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. காலிப் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அன்று முதல் எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்கடா, செடிக்கு யார் தண்ணி ஊத்துவா?" என்கிறார்.

மால், பிரியாணி, வீடு என்ற சுற்று எனக்கே அலுத்துவிட்டது. செடியும் சாகாமல், அம்மாவும் கூட வந்து, மகளும் எதையாவது நின்று பார்க்கிற மாதிரி ஞாயிறு யாருக்காவது வாய்த்திருக்கிறதா? சென்னையில் பெரிய மியூசியம், ஆர்ட் கேலரி எல்லாம் சின்னப் பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர முடியுமா? இருப்பது ஒரு டூவீலர், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாகாயம் பையன் | ஜூன் 9

ப்ரோ, நம்ம ஊரைப் பத்தி என்ன சொல்லுவாங்க? தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இதுல கலையை எங்க தேடறீங்க? ஏசி போட்டுட்டுத் தூங்குங்க.

குடியாத்தம் ட்ராயிங் வாத்தியார் | ஜூன் 10

பாகாயம் தம்பி, அந்தப் பழமொழியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்தாயிற்று. அதுவரை ஜலகண்டேஸ்வரர் எங்கே இருந்தார் தெரியுமா? கேள்வி கேட்டிருக்கிறாரே, அவர் பேட்டையில்தான், சத்துவாச்சாரியில்.

கணக்கர் தம்பிக்கு: நான் அரசுப் பள்ளியில் 31 வருஷம் ட்ராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நீங்கள் அட்டையைப் படித்ததுதான் கெடுத்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். ஒன்றே ஒன்று. மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் கோட்டைக் கோயிலுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் கல்யாண மண்டபம். தூணில் பாய்கிற குதிரை, யாளி எல்லாம் உண்டு, ஊரே அதைத்தான் பார்க்கும். நீங்கள் மேலே பாருங்கள். விதானத்தின் நடுவில் கல்லில் ஒரு காய் தொங்குகிற மாதிரி செதுக்கியிருக்கும். அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், கால் நகத்தால் மேலே பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி அந்தக் காயை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். கிளி காயைக் கொத்தும்போது உடம்பை எப்படி வளைக்கும் என்று அந்தச் சிற்பி மணிக்கணக்கில் தோப்பில் நின்று பார்த்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் வரைகிறவன் ஊகம்.

ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் வலிக்கும். கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் கிளிகள் மடியில் வந்து உட்காரும். உங்கள் அம்மாவும் ஓரமாக உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மகள் கையில் ஒரு பென்சில், ஒரு நோட்டு. ரப்பர் கொடுக்காதீர்கள். ரப்பர் இருந்தால் பிள்ளை கிளியைப் பார்க்காது, தன் தப்பைத்தான் பார்க்கும்.

இந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள், அதற்காக வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, மகனிடம் சொல்லுங்கள். கப்பல் மூழ்கினால் அவன் ஓடாமல் நிற்பான்.

மியூசியத்துக்கு வேறொரு வாரம் போங்கள். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனைக் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார். அவருடையது என்று ஒரு தந்தச் சதுரங்கப் பலகை மியூசியத்தில் இருக்கிறது. அதை மட்டும் காட்டுங்கள். சிறையிலிருந்த ராஜா யாரோடு விளையாடியிருப்பார் என்று கேளுங்கள். அதற்கடுத்த வாரம் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், அவருடைய சமாதி. மூன்று ஞாயிறு ஓடிவிட்டது, பாருங்கள்.

ஓவியம் என்றதும் சென்னையையே நினைக்கிறோம். ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம் இருக்கிறது, சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசுகிற தரம். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மலை ஏற வேண்டும், அதனால் அம்மாவோடு வேண்டாம், மார்கழியில் நீங்களும் மகளும் மட்டும் போங்கள். வள்ளிமலையிலும் பாறையில் சமணச் சிற்பங்கள் உண்டு. அதுவும் படிதான்.

காட்பாடி ரயில் பைத்தியம் | ஜூன் 10

சென்னை தாராளமாக ஒரே நாளில் முடியும், ஆனால் ஒரே ஒரு இடம். எழும்பூர் மியூசியமா, சோழமண்டலமா என்று முடிவு பண்ணிக்கொண்டு கிளம்புங்கள். சோழமண்டலம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து 1966-ல் உண்டாக்கின ஓவியர் கிராமம். அருமையான இடம்தான், ஆனால் சென்ட்ரலிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் உங்கள் மகன் உங்களை விற்றுவிடுவான். முதல் தடவைக்கு எழும்பூர்.

காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர் சுமார். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ், சாயந்திரம் அதே வண்டியில் வீடு. வழியிலேயே பாதி மியூசியம் முடிந்துவிடும், எப்படி என்று சொல்கிறேன். அரக்கோணம் தாண்டினதும் மகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். திருவள்ளூர் வருவதற்குள் திருவாலங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் நிற்காது, கண்ணை மூடித் திறந்தால் மஞ்சள் பலகை போய்விடும். சிவனும் காளியும் நடனப் போட்டி போட்ட ஊர், காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து வந்த ஊர் என்று புராணம். கதையை அங்கே சொல்லிவிட்டு, எழும்பூரில் நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். அங்கே நிற்கிற திருவாலங்காட்டு நடராஜர் அந்த ஊர் மண்ணிலிருந்து வந்தவர்தான். காலையில் ஜன்னலில் ஓடிப்போன ஊர்க்காரர் எதிரே நிற்கிறார் என்றதும் என் தங்கை மகள் வாயைப் பிளந்தாள்.

அமராவதிச் சிற்பங்களும் அதே வளாகம்தான், தெம்பு இருந்தால் பாருங்கள். ஹென்றி இர்வின் கட்டின சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்து மகள் வரையட்டும், எதிரே மர நிழல் இருக்கிறது. அங்கேயும் வெள்ளிக்கிழமை லீவு, இந்தத் தடவை மறக்காதீர்கள்!

அணைக்கட்டு ரோடு மாடித்தோட்டம் | ஜூன் 12

எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மா செடியை விட்டு வந்தால்தானே கிளியும் நடராஜரும்? நான் செடிக்காரி, செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணா, பையின் வெளிப்பக்கமும் மண்ணின் மேலேயும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? போர் தண்ணீர் ஊற்றினால் நம் பக்கம் அப்படித்தான், உப்பு. அந்த உப்பும் மே மாத மொட்டை மாடியும் சேர்ந்தால் இரண்டு நாள் என்ன, ஒரு நாள்கூடத் தாங்காது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு ட்ரம் பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, அதையும் பக்கெட்டில் பிடியுங்கள். ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளுகிற தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றவே கூடாது. மொத்த உப்பும் அதில்தான் இறங்குகிறது.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது? மண்கலயம். பூச்சுப் பூசாத, அரை லிட்டர் பிடிக்கிற சின்னக் கலயம். 15 அங்குலப் பையின் நடுவில் கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி புதையுங்கள். தண்ணீர் நிரப்பி மேலே ஒரு மூடி. மண் காயக் காயக் கலயம் தானாகக் கசிந்து கொடுக்கும், வேர் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மண்மேல் காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றி, எல்லாவற்றையும் நெருக்கமாக ஒரே கும்பலாக நிறுத்துங்கள். மேலே பச்சை வலை. கும்பலாக இருந்தால் ஒன்றுக்கொன்று நிழல். கலயத்தில் போர் தண்ணீரே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளாவட்டத்தில் உப்பு அடைத்துக் கசியாமல் போய்விடும், அப்போது மாற்ற வேண்டும்.

தக்காளியை இப்போது விடுங்கள். ஆடிக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரி நாற்று வையுங்கள். நம்ம ஊர் காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் காயின் தொப்பியிலும் முள் இருக்கும், பறிக்கும்போது பார்த்து. நுனிக் குருத்து திடீரென்று வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள். உள்ளே புழு துளைத்திருக்கும். வாடின நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அம்மா செடிக்காகத்தான் வீட்டில் நிற்கிறாரா, முழங்காலைச் சொல்லக் கூச்சப்பட்டுச் செடியைச் சொல்கிறாரா? என் மாமியார் இரண்டாவது வகை.

சத்துவாச்சாரி கணக்கர் | ஆகஸ்ட் 25

பதில் போட இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆடிட் வந்துவிட்டது.

செடிக்காரத் தங்கச்சி சொன்னது சரி, முழங்கால்தான் காரணம். கேட்டதும் முதலில் கோபம் வந்தது அம்மாவுக்கு, அப்புறம், "படி ஏறச் சொல்லாத எடமா இருந்தா வரேன்" என்றார். அதனால் முதலில் கோட்டை. ஆட்டோவில் போனோம். கண்ணாடி யோசனைக்கு வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. மண்டபத்தில் அம்மா, மகள், மகன் மூன்று பேரும் ஒரே கண்ணாடிக்குச் சண்டை போட்டார்கள். கிளி எத்தனை என்று எண்ணினார்கள். அம்மாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு, மகனுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு. கணக்கர் நான் எண்ணிச் சொல்லவில்லை, சொன்னால் முடிந்துவிடும் என்று தோன்றியது. முக்கால் மணி நேரம் இருந்தோம். சாமி நம்ம பேட்டையில் இருந்தார் என்று சொன்னதும், அம்மா அங்கே போய்ச் சின்ன வயதில் விளக்குப் போட்ட கதையை எடுத்துவிட்டார். இவ்வளவு நாள் என்னிடம் சொன்னதே இல்லை.

எழும்பூர் பாதி வெற்றி. திருவாலங்காடு பலகை வரும் நேரத்தில் மகன் பாத்ரூம் என்றான், அவனைத் தூக்கிக்கொண்டு நான் போக, பலகையை நான் பார்க்கவில்லை. மகள் பார்த்துவிட்டாள். நடராஜர் முன்னால் அவள் வரைந்ததில் தூக்கின கால் மட்டும் நாலு தடவை. மேலே எதுவும் இல்லை. ஏன் என்றால், "கால் வரலப்பா, வந்தாத்தானே மீதி" என்கிறாள். அன்று மனைவிக்கு டியூட்டி. அடுத்த தடவை அவளுக்கு லீவு இருக்கிற ஞாயிறுதான் போவது என்று வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது.

மாடியில் இப்போது எட்டுப் பை. கலயம் எட்டு வாங்கினேன், ஒன்று வண்டியிலேயே உடைந்தது. கலயம் இல்லாத அந்த ஒரு பைதான் சென்னை போய்வந்த நாளில் தலை சாய்ந்துவிட்டது, மற்ற ஏழும் நிமிர்ந்து நின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு நாள் தாங்குமா?" என்று கேட்டார். திருப்பதி போக ஆசையாம். ஆடி முதல் வாரம் வைத்த முள்ளுக் கத்தரியில் நேற்று முதல் ஊதாப் பூ. மகள் அந்தப் பூவின் பின்பக்கத்து முள்ளை வரைந்து வைத்திருக்கிறாள், நோட்டில் பக்கம் முழுக்க முள்.

வாத்தியார் ஐயா, பென்சில் கோடு மெலிசாக வருகிறது, கறுப்பாக வேண்டும் என்று கேட்கிறாள். சார்க்கோல் வாங்கித் தரலாமா? விலை பார்த்தால் ஒரு பெட்டிக்கு என்னென்னவோ போட்டிருக்கிறான்.

குடியாத்தம் ட்ராயிங் வாத்தியார் | ஆகஸ்ட் 25

நாலு காலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள் தம்பி, ரப்பர் இல்லாததன் பலன் அது.

காசு கொடுத்து வாங்காதீர்கள். சுண்டுவிரல் கனத்தில் காய்ந்த புளியங்குச்சி பொறுக்கிப் பட்டையை உரியுங்கள். பழைய தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி மூடி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. வெளியே மூட்டின அடுப்பில் வையுங்கள். ஓட்டையில் புகை நிற்கிற வரை எரியட்டும். உடனே திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் சாம்பலாகிவிடும். முழுக்க ஆறினபிறகு மறுநாள் காலை திறங்கள். அந்தக் காலத்தில் படம் எழுதுகிறவர்கள் முதல் கோடு போட்டது இந்தக் கரியில்தான். அடுப்பு வேலை உங்களுடையது, பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். வரைகிற அன்று மகளுக்கு வெள்ளைச் சட்டை போடாதீர்கள்.