தொட்டித் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துப்போவது ஏன்?

கேள்வி:
வீட்டில் விளைந்ததையே சமைத்து உண்ண வேண்டும் என்ற ஆசையில் ஐந்து தொட்டிகளில் தக்காளி வளர்த்து வருகிறேன். செடிகள் நன்கு தழைத்திருந்தும், காய்கள் பழுக்கும் முன்பே அவற்றின் அடிப்பகுதி கறுத்து, தோல்போல் இறுகி, உள்வாங்கிவிடுகிறது. இது நோயா? இந்தக் காய்களை உண்ணலாமா?

பதில் 1:
இது தொற்றுநோய் அன்று. வளரும் காய்க்குக் கால்சியம் போதிய அளவு சென்று சேராததால் ஏற்படும் குறைபாடு. கால்சியம் நீரோடு சேர்ந்தே செடிக்குள் மேலேறுவதால், மண் ஒரு நாள் வறண்டும் மறுநாள் சொதசொதவென்று நனைந்தும் இருந்தால், மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும் காயின் நுனியை எட்டுவதில்லை. தொட்டி மண் விரைவில் உலரும் என்பதால், நாள்தோறும் விரலை ஓரங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் நீர் ஊற்றுங்கள். ஈரம் காக்க, காய்ந்த இலைகளை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புங்கள்.

பதில் 2:
தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை அளவுக்கு மீறி இடுவதும் ஒரு காரணம். செடிகள் நன்கு தழைத்திருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு அந்த ஐயமும் எழுகிறது. முட்டை ஓட்டுத் தூளைப் பலர் பரிந்துரைப்பார்கள்; ஆனால் அது மட்குவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால் இப்போதைய காய்களுக்கு உதவாது.

பதில் 3:
கறுத்த பகுதியை வெட்டி நீக்கிய பின், மீதி உறுதியாகவும் பூஞ்சணம் இன்றியும் இருந்தால் தாராளமாக உண்ணலாம். பாதிக்கப்பட்ட காய் மீண்டும் சீராகாது என்பதால், அவற்றைப் பறித்துவிடுவதே நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் நீர் ஊற்றி வந்தேன். இன்றே மூடாக்கு இடுகிறேன்.