கஜாக்கி அணை: டர்பைன் போய்ச் சேர்ந்தது சரி, சிமெண்ட் எங்கே?

பீரங்கிப்பிரியன்:
"ராணுவத்தையும் உதவிப் பணியையும் ஒரே அண்டாவில் போட்டால் இரண்டும் திரிந்துவிடும்" என்று வேறொரு திரியில் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்காக ஒரே உதாரணம். ஆப்கானிஸ்தான், ஹெல்மண்ட் மாகாணம், கஜாக்கி அணை. 2008 ஆகஸ்ட் கடைசியில், மின்சாரம் எடுக்கும் 220 டன் டர்பைனை ஏழு துண்டாக ஏற்றிக்கொண்டு காந்தஹாரிலிருந்து சுமார் 100 வண்டிகள் கிளம்பின. தூரம் ஏறத்தாழ 180 கி.மீ. பிரிட்டிஷ், கனடா, டென்மார்க், ஆஸ்திரேலிய, அமெரிக்க, ஆப்கன் படைகள் சேர்த்து 4,000 பேர் காவல். சங்கின் என்ற ஊர் வழியாகப் போகும் 611ஆம் சாலையில் பாவ்லா காட்டிவிட்டு, பாலைவனத்தைச் சுற்றி வந்து செப்டம்பர் 2 அன்று அணையில் இறக்கினார்கள். பணம் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டுடையது, தோள் நேட்டோ ராணுவக் கூட்டணியுடையது. ராணுவமும் உதவிப் பணியும் கைகோக்கும் ஒருங்கிணைந்த அணுகுமுறை என்றால் இதுதான். பதில் உண்டா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்ல என்ன கூச்சம்? பதில் ஒரே கேள்வி: சிமெண்ட் எங்கே?

பீரங்கிப்பிரியன்:
என்ன சிமெண்ட்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பார்த்தீர்களா, இதுதான் உங்கள் லட்சணம். டர்பைன் என்ன, பெட்டியைப் பிரித்து பிளக்கைச் சொருக வாஷிங் மெஷினா? குழியில் இறக்கி, லெவல் பார்த்து, அலைன்மெண்ட் முடித்து, தண்ணீரைச் சுழற்றி உள்ளே விடும் சுருள் குழாயான ஸ்பைரல் கேசிங்கைச் சுற்றி கான்கிரீட் கொட்ட வேண்டும். அதற்குச் சில நூறு டன் சிமெண்ட் வேண்டும். அது 611ஆம் சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தச் சாலை யார் கையில் இருந்தது? தாலிபான் கையில். நிறுவ வந்த சீன ஒப்பந்ததாரர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு நீர்மின் நிலையத்தில் மிஷின் மூன்று மாதம் தார்ப்பாய்க்குள் தூங்கியது. சிமெண்ட் லாரி மழையில் மாட்டி, வந்து சேர்ந்தபோது பாதி மூட்டை கல். கடப்பாரையால் குத்தினால் டங்கென்று சத்தம் வரும். அன்றிலிருந்து எவன் "மிஷின் வந்தாச்சு" என்று சொன்னாலும் நான் குடோனைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்விக்குறி:
ஒரு சந்தேகம். ஒருங்கிணைந்த அணுகுமுறை என்று எதைச் சொல்கிறீர்கள்? ராணுவம் காவல் காப்பதா, ராணுவமே உதவி செய்வதா? இரண்டும் வேறு இல்லையா?

பீரங்கிப்பிரியன்:
ஓவர்சியர் ஐயா, சிமெண்டுக்கும் நேட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? ராணுவத்திடம் கொடுத்த வேலை கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்த்தார்கள். மிச்சம் சிவில் பக்கத்தின் குற்றம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அடடே! வெற்றி என்றால் "ஒருங்கிணைந்த", தோல்வி என்றால் "சிவில் பக்கம்". நல்ல பாகப்பிரிவினை. சிமெண்ட் எங்கே?

தேன்மொழி:
சிமெண்டை விடுங்கள் சார். இதைவிட மோசமானது 2004இல் நடந்தது. தெற்கு ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா தலைமையிலான கூட்டணிப் படை துண்டறிக்கை போட்டது. உதவி தொடர வேண்டுமானால் தாலிபான்களைப் பற்றித் துப்புக் கொடுங்கள் என்று அர்த்தம். ஜூன் 2 அன்று பாத்கிஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 24 வருடம் அங்கே இருந்த அமைப்பு, அந்த ஜூலையில் வெளியேறுவதாக அறிவித்தது. கொலையாளிகளைப் பிடிக்காத அரசையும் குற்றம் சொன்னார்கள், உதவியை ஆயுதமாக்கிய கூட்டணியையும் சொன்னார்கள்.

பீரங்கிப்பிரியன்:
சுட்டது நேட்டோவா? எதையாவது எதனோடாவது முடிச்சுப் போடாதீர்கள். துண்டறிக்கை ஒரு பக்கம், கஜாக்கி ஒரு பக்கம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தேன்மொழி, நல்ல தகவல். ஆனால் ஐயா சாமர்த்தியமாக நழுவப் பார்க்கிறார், விடாதீர்கள். சிமெண்ட்!

வடக்குவீதி:
நம் இந்திய ஆட்களே ஆப்கானிஸ்தானில் செய்து காட்டினார்களே? சரஞ்ச்-டெலாராம் சாலை, 218 கி.மீ, 2009 ஜனவரியில் ஒப்படைத்தது எல்லைச் சாலை அமைப்பு. ஹெராத்தில் சல்மா அணை, 42 மெகாவாட், 2016 ஜூனில் திறப்பு. இரண்டுக்கும் இந்தியப் படை ஒரு பட்டாளம்கூடப் போகவில்லை. முழுக்க சிவில் வேலை.

பீரங்கிப்பிரியன்:
எல்லைச் சாலை அமைப்பு சிவிலா? ஹா ஹா. தலைவர் லெப்டினென்ட் ஜெனரல். காவலுக்குப் போனது இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. நன்றி, என் கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

வடக்குவீதி:
அங்கே தாரும் ஜல்லியும் போட்டவர்கள் அந்த அமைப்பின் பொறியாளர் படைப்பிரிவு ஊழியர்கள். தோளில் நட்சத்திரம் இருந்தால் எல்லாம் ராணுவமா? எல்லைக் காவல் படை உள்துறைக்குக் கீழ். போலீஸ்!

பீரங்கிப்பிரியன்:
அந்த ஊழியர்கள் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவுக்கு (படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்பது) ஆயுதப் படையினரே என்று 1983இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தெரியாவிட்டால் படித்துவிட்டு வாருங்கள். போன மாதம் கொசோவோ திரியிலும் இப்படித்தான் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

வடக்குவீதி:
கொசோவோ திரியில் பாதியில் ஓடியது நீங்கள்தான். கடைசிப் பதிவு என்னுடையது.

கேள்விக்குறி:
அதைத்தானே கேட்டேன், எது ராணுவம் எது சிவில் என்று...

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தம்பி, கொஞ்சம் பொறு. பெரியவர்கள் கொசோவோவுக்குப் போய்விட்டார்கள், திரும்ப கஜாக்கிக்கு இழுத்து வருகிறேன். அணையில் 16.5 மெகாவாட் மிஷின் இரண்டு 1975இலிருந்து இருக்கின்றன. நடுவில் மூன்றாவதற்கு விட்ட இடம் காலியாக இருந்தது. 2008இல் இறங்கிய 18.5 மெகாவாட் மிஷின் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே, வெயிலும் புழுதியுமாகக் கிடந்தது. பிரிட்டிஷ் படை ஹெல்மண்டைக் காலி செய்தது 2014 அக்டோபரில். மிஷின் பொருத்தி முடிந்தது 2016 அக்டோபரில். மாப்பிள்ளை ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடம் கழித்துத் தாலி கட்டுவதற்குப் பேர் ஒருங்கிணைந்த கல்யாணமா?

பீரங்கிப்பிரியன்:
ஆக, கடைசியில் ஓடியது என்று உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டீர்கள். 2008இல் ராணுவம் கொண்டுபோகாவிட்டால் 2016இல் எதைப் பொருத்தியிருப்பார்கள், உங்கள் தார்ப்பாயையா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
எட்டு வருடம், ஐயா. எட்டு வருடம். சிமெண்ட் எங்கே?

வடக்குவீதி:
அந்த 1983 தீர்ப்பு வெறும் ஒழுங்கு நடவடிக்கை பற்றியது. முழுசாகப் படித்தவர்தானா நீங்கள்?

பீரங்கிப்பிரியன்:
பக்கம் பக்கமாகப் படித்தேன். நாளைக்குப் படம் எடுத்தே போடுகிறேன், இருங்கள்.